சங்கரா விலை

குடியை விட்டுப் பதினோரு வருஷம்.
"நரம்புல ஆல்கஹால் ஏத்தப் போறோம்"
என்றார் டாக்டரம்மா.
தேசிங்கு என் பக்கம் திரும்பி,
"கேட்டுக்க, இதுக்கு நான் பொறுப்பில்ல."
சிரித்ததும் வலித்தது.

கணையத்தில் கட்டி.
காசிமேட்டில் ஐஸ் பார் சுமந்த முதுகு
நாலு மாசமாய் இறால் மாதிரி
தலையணையைக் கட்டிக்கொண்டு
உட்கார்ந்தே தூங்கியது.
மார்ஃபின் கொடுத்தால் மலம் இறுகும்,
கொடுக்காவிட்டால் சுவரில் முட்டுவார்.

குப்புறப் படுக்கவைத்து
திரையைப் பார்த்துப் பார்த்து
நீள ஊசி இரண்டு.
வெட்டவில்லை, தைக்கவில்லை.
வெளியே எண்ணூர் சாலையில்
டிரெய்லர் வரிசை நகரவேயில்லை,
அதற்குள் முடிந்துவிட்டது.

"கட்டி அங்கேயேதான் இருக்கும்மா.
சேதி கொண்டுபோறவனைத்தான் நிறுத்தியிருக்கோம்."

ராத்திரி மல்லாந்து படுத்தார்.
கட்டிலைத் தாண்டிப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது.
இவ்வளவு உயரமா இந்த ஆள்?
மறந்தே போயிருந்தேன்.

எழுந்தால் தலைசுற்றும் என்று சொல்லியிருந்தும்
நாலு மணிக்கு உட்கார்ந்துவிட்டார்.
ஏலம் தொடங்கும் நேரம்.
"சங்கரா என்னா வெலைன்னு தம்பியைக் கேளு."

கேட்டேன். கிலோ நானூறு.
"கொள்ளைக்காரப் பசங்க," என்று கத்தினார்.
பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது.

வலியைத் தவிர
வேறொன்றைத் திட்டி
எத்தனை நாளாச்சு.