நதியில் உறங்கியவர்கள்

கணக்கெடுப்பு இரவு.
விதி எளிது: அன்றிரவு எவர் எங்கே உறங்கினாரோ
அங்கே அவரை எழுது.

பார்ராவிலிருந்து பாஞ்சுலுக்குக் கடைசி ஃபெர்ரி.
நடு ஆற்றில் எஞ்சின் இருமியது,
பிறகு இருமலையும் நிறுத்திக்கொண்டது.
ஒருபுறம் வடகரை விளக்குகள், மறுபுறம் தென்கரை,
மேற்கே கடல், கதவு சாத்தாத வீடு போல.

காம்பியாவை வரைபடத்தில் பார்த்தவர்கள்
அண்டை நாட்டின் வாயில் நுழைந்த விரல் என்பார்கள்.
பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரமே எங்கள் எல்லை என்று
ஒரு கதை உண்டு. பொய்யாக இருக்கலாம்.
அகலம் எங்களுக்கு வாய்க்கவில்லை.
நீளமும் ஆறு போட்ட பிச்சைதான்.

பையைத் திறந்து படிவத்தை எடுத்தேன்.
வீட்டு எண்: கோடு.
கூரை: தகரம், பாதிக்கு மட்டும்.
குடிநீர்: சுற்றிலும், உப்பாக.
குடும்பத் தலைவர் யார் என்றேன்.
எண்ணெய் வழிய மேலே வந்த மெக்கானிக்கைக் காட்டினார்கள்.
அவர் ஒரு செம்மறிக் கடாவைக் காட்டினார்.

அன்சுமானா பாஜி, ஜோலா, நெல் விவசாயி
என்று எழுதி முடிக்கவில்லை,
செரர் மீனவன் வாலி ஃபாய் குறுக்கே விழுந்தான்:
"அவனுக்கு ஏன் தனி வரி? என் அடிமை அவன்.
உடைமைப் பட்டியலில், ரேடியோவுக்குக் கீழே போடு."
"உன் பாட்டனுக்கே சோறு போட்டது நாங்கள்" என்றான் பாஜி.
முன்பின் பார்த்ததில்லை இருவரும்.
குலப்பெயர் தெரிந்ததும் திட்டும் உரிமை வந்துவிடுகிறது,
ஒரே தட்டுக் கடலைக் குழம்பில் கை நனைக்கும் உரிமையும்.

ஆக்கு நர்ஸ் எல்ஃப்ரிடா கோக்கர். மதம்: கிறிஸ்தவம்.
"நோன்புக் கஞ்சி யார் வீட்டில் குடிக்கிறேன் என்றெழுத
கட்டம் இருக்கிறதா?"
இல்லை.

கினியிலிருந்து வந்த ஃபூலா கடைக்காரர் தியெர்னோ
பதினெட்டு வருடமாகச் சர்க்கரையைப் பிடிப்பிடியாக விற்பவர்.
எழுதினால் போலீஸ் வருமா என்றார், மூன்று தரம்.
இங்கே யார் நீந்தி வருவார் என்றேன்.
சிரித்துவிட்டு, பெயரின் பாதியைச் சொன்னார்.

ஒரு பொடியன் கோலிக்குண்டை நீட்டினான்.
நாங்கள் ஓட்டுப் போட்டுப் பழகியது கோலிக்குண்டால்.
டிரம்முக்குள் விழுந்து ஒரே ஒரு மணியடிக்கும்;
அதற்காக அன்று சைக்கிள் மணிகள் ஊமையாகும்.
"இதையும் எண்ணு."
இன்னும் பதினோரு வருடம் பொறு என்றேன்.
குண்டை வாயில் போட்டுக்கொண்டு தூங்கப் போனான்.

தளத்தில் கரியடுப்பு. மூன்றாம் சுற்று அட்டாயா
இனிக்கத் தொடங்கிய நேரத்தில்
சிப்பி விற்கும் சாஃபியாத்து பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.
கண்டல் வேர்கள் கிழித்த கைகள்.
தொழில் என்ற கட்டத்தில் அந்தக் கையைப் பதித்தாலே போதும்.

"ஒருத்தனைச் சேர். சாய்பூ. பத்தொன்பது."
எங்கே படுத்திருக்கிறான் என்று தளத்தைப் பார்த்தேன்.
"வெள்ளிக்கிழமை போன் செய்தான்.
படகு நுவாதிபூ தாண்டிவிட்டதாம்."
அம்மா, நான் எழுதுவது இந்தப் படகை.
"தண்ணீரில் தூங்குகிறவர்களை எழுதுகிறேன் என்று
நீதானே சொன்னாய்?"

எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை.
பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

விடியலில் இழுவைப் படகு வந்தது.
இறங்கும் அவசரத்தில் ஒருவரும் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.
கடா மட்டும் பலகையில் நின்று மறுத்தது.

அலுவலகத்தில் சரிபார்க்கிறார்கள்.
டிக்கெட் இருநூற்றுப் பதின்மூன்று.
படிவத்தில் இருநூற்றுப் பதினான்கு.
ஆட்டையும் சேர்த்துவிட்டாயா என்கிறார் மேற்பார்வையாளர்.
இல்லை என்கிறேன்.
திரும்ப எண்ணு என்கிறார்.
எண்ணுகிறேன், ஒவ்வொரு பெயரிலும் விரல் வைத்து.
இருநூற்றுப் பதினான்கு.