அரிசி மூட்டைக்கு சீட் பெல்ட்

வாரம் ஆறு நாள் பர்கூர் கல்லில் சமம் பார்ப்பவள் நான்.
பாலிஷ் முகத்தில் ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி
அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிவேன்.
கசிந்தால் கல் திரும்பிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை அதே முதுகு
காருக்காகக் குனிகிறது.

பதினாறு வயதான பாலியோ, ஒன்று புள்ளி ஆறு.
சேலத்து பல் டாக்டர் ஒருவர் விற்றார்.
இஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்
வளைவில் மூக்கு வெளியே ஓடுவதைப் பற்றி மட்டும்
வாயே திறக்கவில்லை.

பின்னால் தடித்த ஆன்ட்டி ரோல் பார் மாட்டினேன்,
நாலு பக்கமும் இரண்டு விரல் இறக்கிய ஸ்பிரிங்.
இறக்கியதும் சக்கரங்கள்
தம் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டன.

கடைக்குத்தான் முதலில் போனேன்.
திரையில் எல்லாம் பச்சை. எழுநூறு ரூபாய்.
பச்சையை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியிலேயே
ஸ்டீயரிங் தலை சாய்த்துக்கொண்டு வந்தது,
சத்தம் கேட்ட கோழி மாதிரி.

அதனால் இன்று போர்ட்டிகோ.
தரைதான் முதல் பொய்.
கொத்தனார் விட்டுப்போன டியூப்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்
வலது பின்பக்கம் ஏழு மில்லி பள்ளம்.
பாத்ரூம் டைலின் கனமும் ஏழு மில்லி.
உடைந்ததுதான், போதும்.
முன் சக்கரங்களின் அடியில்
ஃபேக்டரியில் கழித்த கல்துண்டு இரண்டிரண்டு,
பளபளப்பும் பளபளப்பும் முகம் பார்க்க, நடுவே கிரீஸ்.
பின்னாலும் அதே உயரத்துக்குக் கல்.
விரலால் தள்ளினால் டயர் வெண்ணெயில் திரும்புகிறது.

நான்கு ஸ்டாண்டு. பக்கத்துக்கு ஒரு தூண்டில் நரம்பு,
அணையில் மீன் பிடிப்பவரிடம் வாங்கியது.
"என்னடி, காருக்குக் காப்பு கட்டுறியா?"
ஒரு முனையைப் பிடித்திருக்கிறாள் நாகவேணி.
நைட் ஷிப்ட் முடித்து
ஓசூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்தவள்.
கண் சிவந்திருக்கிறது. கை ஆடவில்லை.

ஸ்டீயரிங்கை நேராக்கித் துப்பட்டாவால் கட்டினேன்.
ஓட்டுகிறவளின் எடை உள்ளே இருக்க வேண்டும்.
நான் உள்ளே இருந்தால் அளப்பது யார்?
இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு,
அதன்மேல் பத்து கிலோ, ஒரு கிலோ துவரம் பருப்பு.
மொத்தம் நான்.
சரியாமலிருக்க சீட் பெல்ட்டும் போட்டேன்.
"உன்னைவிட அடக்கமா உக்காந்திருக்கு."

ஒரு நட்டை நூலில் தொங்கவிட்டேன்.
ரிம்மின் கீழுதட்டைவிட மேலுதடு
பத்தரை மில்லி உள்ளே. ஒன்றரை டிகிரி.
வளைவில் முழுப் பாதமும் ஊன்ற வேண்டுமானால்
நேரில் கொஞ்சம் சாய்ந்தே நிற்க வேண்டும் இந்த டயர்.

பிறகு டோ.
முன்னுதடு, பின்னுதடு, கழித்தால் மூன்று.
லாக் நட்டைத் தளர்த்தி, டை ராடைக் கால் சுற்று,
பானெட்டை அமுக்கிவிட்டு, மறுபடி அள.
ஐந்து!
தப்பான பக்கம் திருகிவிட்டேன்.
ஐந்து இரண்டானது. இரண்டு, ஒன்று. ஒன்று, அரை.
அரையோடு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்க ஆளில்லை.
நாகவேணி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்,
நரம்பை விடாமல்.

நான்கு மணிக்கு ஜெகதேவி ரோடு.
ஸ்டீயரிங்கிலிருந்து கையை ஒரு விரல் தூரம் எடுத்தேன்.
மெல்ல இடப்பக்கம் நழுவியது.
எட்டு மணி நேர வேலை!
ஓரம் கட்டி இறங்கி
தாரில் கன்னம் படாத குறையாகக் குனிந்தேன்.
சாய்ந்திருந்தது ரோடு,
மழைத் தண்ணீர் வடிவதற்காக.
கல் லாரி ஒன்று வேகம் குறைத்து
"என்னம்மா, எதாச்சும் தொலைஞ்சிடுச்சா?" என்றது.

பாலம் தாண்டி சமமாக ஒரு நூறு மீட்டர்.
நூல் பிடித்தாற்போல் போனது.
அடுத்த வளைவில்
நான் பார்த்த இடத்துக்கே மூக்கு வந்தது.
கத்தினேன்.
இடது சீட்டில் ஸ்பானர் பை மட்டும் குலுங்கியது.

ராத்திரி மூட்டையைப் பிரித்து
நாகவேணிக்கும் சேர்த்து
ஒன்றரை ஆழாக்கு என்னை அளந்து போட்டேன்.
களையும்போது விரலில் ஒரு கல்.
எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
பழக்கம்.