நிரலில் இல்லாத நிறுத்தம்

காங்கேசன்துறையில் கப்பல் கட்டியாச்சு.
சீமெந்து ஆலையின் மிச்சத்தைவிட அது உயரமோ இல்லையோ என்று
சுங்கத்துப் பெடியன்களுக்குள் பந்தயம்.
எனக்கு முப்பத்தொரு பேர், ஒரு பஸ், ஐந்து மணித்தியாலம்.
மூன்றரைக்குள் வராதவரைக் கப்பல் விட்டுவிட்டுப் போகும் என்பதை
மூன்று தரம் சொல்லவேண்டும்.
சொன்னேன்.
"உங்க தமிழ் மலையாளம் மாதிரி அழகா இருக்கு" என்றார்
நெஞ்சில் பதினேழாம் இலக்கம் ஒட்டியிருந்தவர்.

கோட்டை.
ஐந்து மூலை, முருகைக்கல்.
போர்த்துக்கேயர் போட்டது, ஒல்லாந்தர் பெருப்பித்தது,
ஆங்கிலேயர் அதிகம் மினக்கெடாமல் வாங்கியது.
கல்லை உற்றுப் பார்த்தால் கடலுக்குள் பூத்தது தெரியும் என்பேன்.
எல்லோரும் குனிவார்கள்,
யாராவது ஒருவர் நகத்தால் சுரண்டுவார்.
"இதிலை ஒரு தேவாலயம் இருந்தது."
இருந்தது என்ற சொல்லுக்குப் பிறகு
தண்ணீர் குடிப்பது என் வழக்கம்.
போத்தலை மூடி நிமிர்கையில்
அவர்கள் அகழியைப் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு இறங்கத் தேவையில்லை.
ஓர் இளவரசர் இலங்கைக்கு வந்துபோன ஞாபகம்.
"வந்துபோனதுக்கே கோபுரமா!"
பின்னிருக்கைத் தமிழ் ரீச்சர் சிரித்தார்.

நூலகத்தில் எத்தனை புத்தகம் எரிந்தது என்று கேட்டார்கள்.
தொண்ணூற்றேழாயிரம் என்றேன்.
பூச்சியம் எத்தனை என்று சரிபார்த்து
ஒருவர் எழுதிக்கொண்டார்.

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும்.
பதினேழு தன் இலக்கத்தை வெறும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு
முருகனைக் கும்பிட்டார்.
பஸ்ஸில் உரிக்கும்போது மயிரோடு வந்தது.
மந்திரிமனை முட்டுக்கொடுத்து நிற்கிறது.
"எந்த மந்திரி?"
"சரியாத் தெரியாது."
தெரியாதென்று சொல்ல
எனக்கு அனுமதியுள்ள ஒரே இடம்.

பிறகு ஐஸ்கிறீம்.

மாவிட்டபுரம் தாண்ட ஒரு பிள்ளைக்குச் சத்தி.
நகுலன் சடாரென்று ஓரங்கட்டினான்.
இடம் பார்த்து நிறுத்தவில்லை, அவனுக்குத் தெரியாது.
கம்பிவேலி, பலகை, அதற்கு உள்ளே
கூரையில்லாத வீடு.
நடு அறையில் முளைத்த அரசமரம்
யன்னலால் கை நீட்டிக்கொண்டிருந்தது.
பதினேழு மிதிபலகையில் நின்று கேட்டார்:
"மேடம், இது எந்த ராஜா கட்டினது?"
கைபேசிகள் உயர்ந்தன.

மைக் என் கையில் இருந்தது.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டு" என்றேன்.
"கட்டியவர் சீமெந்து ஆலையில் பிற்றர், பெயர் கார்த்திகேசு பொன்னுத்துரை.
ஆலைக்காரருக்குக் கழிவு விலையில் எண்பது மூட்டை.
கிழக்கு வாசல்.
முகப்பில் தெரியும் சூரியன் அவரே அச்சுவைத்து வார்த்தது.
கதிர் பதினொன்று.
பன்னிரண்டாவது அச்சிலேயே உடைந்தது;
திருத்தச் சொல்லித் திருத்தச் சொல்லி
மனைவி ஓய்ந்துபோனார்.
பின்பக்கம் கிணறு, நல்ல தண்ணீர்.
பாவனைக் காலம் பன்னிரண்டு வருசம்.
ஒரு ஆனி மாதம், உலையில் அரிசி போட்டபிறகு
கைவிடப்பட்டது."

தமிழ் ரீச்சர் மட்டும் கைபேசியைத் தாழ்த்தினார்.
பிள்ளை வாய் கொப்பளித்தது.
"உள்ள போகலாமா? டிக்கெட் எவ்வளவு?"
"இன்னும் திறக்கேல்லை."
பலகையிலும் அதுதான் இருந்தது,
மூன்று மொழியில், வேறு சொற்களில்.

துறைமுகத்தில் தலை எண்ணினேன்.
முப்பத்தொன்று. கையொப்பம் வைத்தேன்.
பதினேழு ஐந்நூறு இந்திய ரூபாவை மடித்துத் தந்தார்.
"அந்தக் கடைசி எடம் சூப்பர். லிஸ்ட்ல போடுங்க."

கப்பல் ஊதியது.
நகுலன் வாளியோடு வந்து இருக்கையைக் கழுவினான்.
துடைத்தபடியே கேட்டான்,
"அக்கா, அது ஆற்றை வீடு?"

தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன்.