புரட்டாதி பதினைந்து

குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
மளிகைக்கடை தந்த நாட்காட்டி.
ஏகாதசிக்குப் பச்சை, பௌர்ணமிக்கு வட்டம்,
அவர்கள் அச்சடித்தவை.
சிவப்புப் பேனையால் நான் குறித்தவை
வேறு விரதங்கள்.

பங்குனி பதினைந்து.
ஆனி பதினைந்து.
புரட்டாதி பதினைந்து.
மார்கழி பதினைந்து.
பள்ளிக்கூடத்தில் மூன்று தவணைதான்.
வருமான வரிக்கு நாலு,
நடுவில் விடுமுறை இல்லை.

"மார்ச் என்று எழுதுங்கோ அக்கா,"
என்பாள் கணக்காளர் அருள்மதி.
"என்னட்ட வேலை செய்யிற பெடியன்
பங்குனிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுறான்."
போடட்டும்.
கட்டுவது நான்.
மாதத்துக்குப் பெயர் வைப்பதும் நான்தான்.

சொந்தத் தொழில் செய்பவளுக்குக்
கணக்குக் காட்ட ஆனி பதினைந்து வரை அவகாசம்;
காசு கட்டச் சித்திரை முப்பது.
எவ்வளவு என்று தெரிய முன்னமே
கட்டி முடித்திருக்க வேண்டும்.
முதல் வருடம் இது விளங்காமல்
அருள்மதியோடு சண்டை பிடித்தேன்.
இப்போது காருக்குள் இருந்து
நான் சொல்லிக் கொடுப்பதும் ஏறக்குறைய அதுதான்:
சிவப்பு விழுந்த பிறகு பிரேக்கைத் தேடாதே.

கூரையில் மஞ்சள் பலகை.
கதவுப் பொந்துக்குள் பெற்றோல் பற்றுச்சீட்டுகள்,
ஓடிய தூரம் எழுதும் கொப்பி:
மார்க்கம் வீதி, லோரன்ஸ், மறுபடி மார்க்கம் வீதி,
பின்பக்கமாக நிறுத்துதல் பதினெட்டுத் தரம்,
ஆறு கிலோமீற்றர்.
பாடத்துக்கு நூறு டொலர் என்றால்
மேலே வாங்கும் பதின்மூன்று என்னுடையது அல்ல.
அதற்கென்று வங்கியில் தனிக்கணக்கு.
பெயர் கேட்டபோது
'விருந்தாளி' என்று பதிந்தேன்.

போன வருடம் திலகேஸ்வரி அக்கா வந்தார்.
அறுபத்தொரு வயது.
முதியோர் இல்லச் சமையலறையில் விடிய நாலரைக்கு வேலை.
மூன்று பஸ் மாறி, பனியில் நின்று,
இனி ஏலாது என்று வந்தவர்.
நாலு தரம் தோற்றார்,
ஒருதரம் நிறுத்தக்கோட்டில் நிற்காமல்,
ஒருதரம் நின்றுவிட்டு
அசையவே மாட்டேன் என்று.
ஐந்தாவது தரத்துக்குத் தந்த நாள்
புரட்டாதி பதினைந்து,
பிற்பகல் இரண்டு இருபது.

பரீட்சை நிலையத்து வாசலில்
கோப்பி ஆறிப்போகும் வரை நின்றேன்.
திரும்பி வந்த கார்
கோட்டுக்குள் மெதுவாய் நுழைந்து நின்றது.
பரீட்சகர் இறங்கினார்.
அக்கா இறங்கவில்லை.
கண்ணாடியைத் தட்டினேன்.
"ஓம்," என்றார். அவ்வளவுதான்.
பிறகு சீற்பெல்ட்டைக் கழற்ற மறந்து
என்னைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார்.

அன்று முழுக்க அவர்தான் ஓட்டினார்.
மகள் வேலை செய்யும் பல் வைத்தியசாலை,
தங்கச்சி வீடு,
ஒன்றும் வாங்காமல் ஒரு கடைத்தொகுதி,
கடைசியில் தன்னுடைய பஸ் தரிப்பிடம்,
அதைக் கடந்து போவதற்காகவே
இரண்டு தரம்.
நான் காசு கேட்கவில்லை.
கொப்பியில் தூரமும் எழுதவில்லை.

சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தபோது
ஐப்பசி ஆறு.
இருபத்தொரு நாள்.
கெடு என்ற சொல்லுக்குள்
கெடுவதும் ஒளிந்திருக்கிறது என்று
பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன்.
கையைத் துடைத்துவிட்டுக்
கட்டினேன்.

வட்டி உடனே வரவில்லை.
அடுத்த ஆடியில் வந்தது,
மண்ணிற உறைக்குள், மிகவும் மரியாதையாக:
எட்டு டொலர் இருபத்தெட்டு சதம்.
"இதைச் செலவில் கழிக்கவும் ஏலாது அக்கா,"
என்றாள் அருள்மதி.
"கழிக்க வேண்டாம்," என்றேன்.
"இருக்கட்டும்."

இந்த வருடப் புரட்டாதித் தவணையை
ஒருநாள் முன்னமே கட்டிவிட்டேன்.
கட்டிய இரவு திலகேஸ்வரி அக்காவின் தொலைபேசி.
பனிக்காலச் சில்லு மாற்ற
கடைசித் திகதி எது என்று கேட்டார்.
"அதுக்குக் கெடு இல்லை அக்கா,
முதல் பனிக்கு முன்னம் மாத்தினால் சரி."
கொஞ்சநேரம் சத்தமில்லை.
பேனை எடுக்கப் போனாராம்.
"சரி, சொல்லும்," என்றார்,
"அது எத்தனையாம் திகதி?"