தலைக்கணக்கு

எங்கள் லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளில்தான் நிற்கும்.
ஆறாம் மாடியை
ஏழிலிருந்து இறங்கித்தான் பிடிக்கவேண்டும்.
ஆயர் ஈத்தாம், சி பிளாக்,
இருநூற்றுப் பதினான்கு கதவுகள்.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லட்.
மலைக்கோயில் பக்கம் மழை கட்டிக்கொண்டிருந்தது.

குடும்பத் தலைவர் யார்?
ஆறு-மூன்றில் அம்சவேணி சிரித்தாள்.
"அவரு பேரையே போட்டுக்கோங்க.
சிங்கப்பூர்ல இருக்காரு. நாலு வருசமா பணம் வரல,
பேராவது இருக்கட்டும்."
போட்டேன்.
வாடகை, மீட்டர் பில், மகனுக்குப் புதுக் கண்ணாடி
எல்லாம் கட்டுகிறவள்
இரண்டாவது வரியில் நின்றாள்.

ஆறு-ஒன்பதில் பன்னிரண்டு ஆண்கள், ஆறு பாய்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பகலுக்கு ஆறு பேர், இரவுக்கு ஆறு பேர்.
நேற்றிரவு இங்கே உறங்கியவர் எத்தனை?
ஆறு என்றால் பாதிப் பொய்.
பன்னிரண்டு என்றால் மீதிப் பொய்.
"ஒருத்தன் எந்திரிச்ச சூட்டுல இன்னொருத்தன் படுக்குறான்,
பாய் ஆறுறதே இல்லக்கா" என்றான்
நேபாளிகளுக்கு நடுவே ஒரு பரமக்குடிக்காரன்.

ஏழு-பதினொன்றில் மங்களவல்லி, வயது அறுபத்திரண்டு.
பிறந்த மூன்றாம் நாள்
பூத்துண்டில் சுற்றிக் கைமாறிய சீனக் குழந்தை.
வாசலில் மாவிலை. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு.
இனம்? என்றேன். கேட்டாக வேண்டும்.
"உன் பெட்டியில என்னென்ன இருக்கு, படி."
மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர்.
"நாலு பேருக்கும் ஆளுக்கொரு கரண்டி ஊத்துறேன்.
எவன் கண்ணுல தண்ணி வராமத் திங்கிறானோ
அவன் பேருல எழுதிக்க."
எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.
எந்தப் பெட்டியைத் தொட்டேன் என்று
இங்கே சொல்லமாட்டேன்.

ஒன்பது-பதினான்கு.
வெளியே மூன்று ஜோடிச் செருப்பு,
சிறியதில் முயல் படம்.
தட்டியதும் டிவி அடங்கியது.
ஆளில்லை, என்றது மலாயில் ஒரு குரல்
என் இடுப்பு உயரத்திலிருந்து.
மறுநாளும் போனேன்.
அதற்கும் மறுநாள் செருப்பே இல்லை,
உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள்.
கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது.
எந்தக் காகிதம் இல்லாதவர்கள் அப்படி நிற்பார்கள் என்று
இந்த பிளாக்கில் பிள்ளைகளுக்கும் தெரியும்.
காலி வீடு, என்று அழுத்தினேன்.

கடைசியில் பதினேழாம் மாடி, என் வீடு.
எண்ணுகிறவளையும் எண்ணத்தானே வேண்டும்.
இரண்டு பேர். நான், ஜசிந்தா.
சபா, தம்புனானிலிருந்து வந்த இரவு நர்ஸ்.
தலைவர்: நான். மீட்டர் என் பெயரில், அவ்வளவுதான்.
தலைவருக்கு அவள் என்ன உறவு?
மனைவி, மகள், மருமகள், மாமியார், பணிப்பெண் என்று
விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால்
அடியில் கிடக்கிறது
உறவில்லாதவர்.

டெங்கியில் நான் கிடந்த ஒன்பது நாளும்
வேலை முடிந்து, சீருடை மாற்றாமல்
என் பிளேட்லெட் கணக்கைச் சுவர்க் காலண்டரில் எழுதியவள்.
எழுபத்தெட்டு.
அறுபத்தொன்று.
நாற்பது.
பிறகொரு நாள் ஐம்பத்திரண்டு என்று எழுதிப்
பேனாவை வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதவள்.
எதைப் போட்டே? என்று கேட்டாள்.
சொன்னேன்.
சரிதானே, என்று சோற்றைக் கிளறினாள்
கொஞ்சம் அதிகமாகவே கிளறினாள்.

மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று, அனுப்பியாயிற்று.
மேலதிகாரி கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பினார்.

நேற்று மாலை லிஃப்டில் அந்த முயல் செருப்பு
ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியது.
அவள் என் அட்டையைப் பார்த்தாள்.
கழற்ற மறந்திருந்தேன்.
மேலே கூரை மின்விசிறியைப் பார்த்தபடி
ஒன்பதை நானே அழுத்தினேன்.

அவர்கள் ஏழிலேயே இறங்கிக்கொண்டார்கள்.