நாலில் எத்தனை

ஔலுவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
ரொட்டித் துகளைத் துடைத்துவிட்டு
ஐந்து அறைப் பெட்டியையும் நான்கு வட்டுகளையும்
மேசையில் பரப்பினார் எய்னோ.
நாலு நாலு பதினாறு டெராபைட் என்றார்,
வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை போல.

தீக்காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவள் நான்.
எரியுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை;
எத்தனை எரிந்தால் தாங்கும், அதுதான் கேள்வி.

ஒன்று போனால் தாங்க வேண்டுமா, பன்னிரண்டு மிஞ்சும்.
இரண்டு போனாலும் என்றால் எட்டுதான்.
"பாதியா?" என்றார், மீன் விலை கேட்டவர் மாதிரி.

பாதிதான். ஒன்று செத்ததும்
மற்றவை ராப்பகலாக மூச்சிறைக்க ஓடி
அதன் இடத்தை நிரப்ப வேண்டும்.
அந்த ஓட்டத்தில்தான் அடுத்தது விழும்.
வட்டுகளைத் திருப்பிக் காட்டினேன்:
நான்கின் எண்களும் வரிசையாக,
ஒரே நாளில் பிறந்தவை.

அவரிடம் இருப்பதோ ஒன்பது டெராபைட்.
பதினொரு குளிர்காலமாக
ஏரி உறைகிற ஓசை: முனகல், விரிசல்,
சில சமயம் சாட்டை வீசியது போல ஒன்று.
எட்டுக்குள் அடங்க
ஒன்றிரண்டு குளிர்காலங்களையாவது கழிக்க வேண்டும்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்
நள்ளிரவில் கூப்பிட்டார்.
"இது வெறும் காற்று. நடுவில் யாரோ இருமல் வேறு.
எடுத்துவிடலாம்."
ஒரு காதை வாங்கிக் கேட்டேன்.
என் இருமல்.
சொல்லவில்லை.

காலையில் இரண்டு வட்டுகளைக் கடையில் மாற்றி
ஐந்தாவதாக ஒன்றும் வாங்கி வந்தார்.
இரண்டு போனாலும் தாங்கும், பன்னிரண்டு.
எதையும் அழிக்கவில்லை.

ஐந்தாவது என்ன விலை என்றேன்.
இருமினார்.