நமத்தல்

மெலிசு என்றால் எனக்குத்
தட்டுவடை மெலிசு.
இரண்டு விரலில் பிடித்தால்
விறைப்பாய் நிற்க வேண்டும்.
நுனி தொங்கினால் அது பீட்சா இல்லை,
பிழியாத துண்டு.
ஓரத்தில் நாலைந்து இடம் கருகியிருக்க வேண்டும்.
கடிக்கிற சத்தத்துக்கு
அடுத்த மேசை திரும்பிப் பார்க்க வேண்டும்.

சேலத்துக்காரிக்கு வேறெப்படி இருக்கும் வாய்?
பள்ளிக்கூடம் விட்டதும்
பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்ட செட்டை
சட்னி ஊறுமுன்னே
முழுசாய் உள்ளே தள்ளிப் பழகியது.

ரோஸ்லினுக்கு அப்படியில்லை.
"பன்னு மாதிரி வேணும்க்கா.
அமுக்கினா மெதுவா எந்திரிச்சு வரணும்."
ஓரத்தைப் பிய்த்து
உள்ளே இருக்கும் காற்று அறைகளைப்
பார்த்துவிட்டுத்தான் தின்பாள்.

தேவசகாயத்துக்கு ஓரத்துக்குள்ளும் சீஸ் அடைத்திருக்க வேண்டும்.
"வெறும் மாவத் திங்கவா காசு குடுக்கறோம்?"
கேஷியர் இல்லையா, கணக்காய்த்தான் கேட்பார்.

மேனேஜர் பூபதி மட்டும்
எதுன்னாலும் சரி என்பார்.
மேலே இருப்பதைத் தின்றுவிட்டு
ஓரங்களைத் தட்டின் விளிம்பில்
பிறை பிறையாய் அடுக்கிவைப்பார்.

மாசக் கடைசி சனிக்கிழமை
கூட்டுறவு வங்கியின் மாடியறையிலிருந்து
ஐந்து ரோட்டுக் கடைக்கு போன் போகும்.
எடுக்கிற பையன் உள்ளே திரும்பிக் கத்துவான்:
"அண்ணா, சண்டை ஆர்டர்!"

ஆடி மாசம்
ரோஸ்லினை ஏற்காட்டுக்கு மாற்றினார்கள்.
காரணம் எழுதவில்லை.
எழுதாவிட்டால் என்ன, தெரியும்.
ஒரு கடன் ஃபைல்.
அடமானத்துக்கு வந்த நிலம்
காகிதத்தில் மட்டும் விளைந்துகொண்டிருந்தது.
மூன்று கையெழுத்து விழுந்தாயிற்று.
மூன்றாவது என்னுடையது,
வழக்கம்போல் சாய்வாய், அடியில் ஒரு கோடு இழுத்து.
நாலாவது கட்டத்துக்கு வந்தபோது
பன்னு மாதிரி கேட்கிறவள்
பேனாவை மூடி வைத்துவிட்டு
டிபன் டப்பாவைத் திறந்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு
நானும் தேவசகாயமும் மலையேறினோம்.
மடியில் இரண்டு பெட்டி,
அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
கோரிமேடு தாண்டும்வரை தொடை சுட்டது.
வளைவுகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள்.
ஏழில் வாசம் இருந்தது.
பதின்மூன்றில் மஞ்சள் விளக்கோடு ஒரு லாரி
மூடுபனிக்குள்ளிருந்து எங்கள் மேலேயே வந்தது.
இருபதில்
பெட்டியின் அடி வேர்த்திருந்தது.

ஏரிக்குப் பின்னால் ஓட்டு வீடு.
ஜன்னலை மூடியும் பனி உள்ளே உட்கார்ந்திருந்தது.
என் துண்டைத் தூக்கினேன்.
நாக்கைப் போல் தொங்கியது.

ரோஸ்லின் சிரித்தாள்.
"இங்க எல்லாமே நமத்துடும்க்கா.
அப்பளம், தீப்பெட்டி,
பீரோவுல வெச்ச ஃபைலு கூட."

தேவசகாயம் உடனே
சேலத்து வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.
வெகுநேரம் பேசினார்.

அவள் தோசைக்கல்லைப் போட்டு
எண்ணெய் விடாமல்
என் துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பரப்பினாள்.
கரண்டியால் ஓரத்தைத் தட்டித் தட்டி
சத்தம் மாறுகிறதா என்று கேட்டாள்.
மாறவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டாள்.
கருகல் வாசம் வந்தபிறகுதான் எடுத்தாள்.
தன்னுடையதைச் சூடுகூடப் பண்ணாமல்
ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றாள்.

"பூபதி சார் இப்பவும் ஓரத்த
ஒதுக்கித்தான் வெக்கிறாரா?"

"ம்."

அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
வெளியே சவுக்குமரத்திலிருந்து
சொட்டுவது கேட்டது.

நான் கடித்தேன்.
நான் எப்போதும் கேட்கிற அதே முறுகல்,
அதே கடுக்.
அடுத்த மேசை இல்லாத அந்த வீட்டில்
சத்தத்துக்கு
நானே திரும்பிப் பார்த்தேன்.